'கன்ஃபர்டு வித்': விருது பெற்றதைச் சொல்லும் ஓர் ஆங்கிலத் தொடரும் அதன் சரியான வழக்கும்

ஒருவருக்கு விருது, பட்டம், கௌரவம் முதலியவை வழங்கப்பட்டதைச் சொல்ல இந்திய ஆங்கிலத்தில் மிகப் பரவலாகப் புழங்கும் தொடர் 'வாஸ் கன்ஃபர்டு வித்' என்பது. அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் பேனர், விழா மலர், பயோடேட்டா, நூலின் பின்னட்டைக் குறிப்பு, சில சமயம் நாளிதழ்ச் செய்தி என எங்கும் இதைக் காணலாம். ஆங்கில இலக்கணத்தின்படி இத்தொடர் பிழையானது. 'கன்ஃபர்' என்னும் வினையோடு 'வித்' சேர்ந்தால் 'கலந்தாலோசித்தல்' என்று பொருளாகிவிடும். விருது வழங்கும் பொருளில் வரவேண்டுமானால் அது 'ஆன்' என்னும் முன்னிடைச்சொல்லை ஏற்க வேண்டும்.

பட்டினப்பாக்கம், மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இந்தத் தொடர் புதிதல்ல. மார்கழி மாதம் பிறந்தால் சபா வாசல்களிலும் மண்டபச் சுவர்களிலும் ஏதாவது ஒரு விருது விழா அறிவிப்பு இருக்கும். தமிழில் 'விருது வழங்கும் விழா' என்று சரியாக இருக்கும். கீழே ஆங்கில வரியில் 'கன்ஃபர்டு வித்' வந்து உட்கார்ந்திருக்கும். பள்ளி ஆண்டு விழா மலர் ஒன்றைப் பிழைதிருத்தியபோது அந்த 'வித்' என்பதை நான் மூன்று இடங்களில் அடித்தேன். அச்சாகி வந்தபோது மூன்றும் பழைய இடத்திலேயே இருந்தன. டிடிபி செய்த தம்பியிடம் கேட்டதற்கு, "வித் போட்டாத்தான் சார் கெத்தா இருக்கு" என்றார். அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. 'கிவன்', 'காட்' போன்ற எளிய சொற்கள் விருதுக்குப் போதாது என்று நாம் நினைப்பதால்தான் 'கன்ஃபர்' தேவைப்படுகிறது. எளிய சொற்களில் வராத பிழை அந்தப் பெரிய சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

சொல்லின் இரு பொருள்கள்

'கன்ஃபர்' லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'ஒன்றாக' என்னும் பொருளுள்ள முன்னொட்டும், 'கொண்டுவருதல்' என்னும் பொருளுள்ள வினையும் சேர்ந்தது. ஒன்றாகக் கொண்டுவருதல் என்பதிலிருந்து, ஒன்றாக வைத்துப் பார்த்தல், கூடிப் பேசுதல் என்று பொருள் கிளைத்தது. 'கான்ஃபரன்ஸ்' அந்தக் கிளையில் பிறந்த சொல். ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் 'ஒப்பிடுக' என்னும் பொருளில் வரும் 'சி.எஃப்.' என்னும் சுருக்கமும் இதே லத்தீன் வினைதான். இன்னொரு கிளை, ஒருவருக்கு ஒன்றை அளித்தல், அதுவும் மேலிடத்திலிருந்து அளித்தல் என்று போனது. பல்கலைக்கழகம் பட்டம் அளிப்பது, அரசு உரிமை அளிப்பது எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டு கிளைகளையும் பிரித்துக் காட்டுவது பின்னால் வரும் சிறு சொல்தான். 'த மினிஸ்டர் கன்ஃபர்டு வித் த கவர்னர்' என்றால் அமைச்சர் ஆளுநரோடு கலந்து பேசினார். 'த யுனிவர்சிட்டி கன்ஃபர்டு எ டிகிரி ஆன் ஹெர்' என்றால் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது. எனவே 'ஹி வாஸ் கன்ஃபர்டு வித் அன் அவார்டு' என்று படிக்கும் ஆங்கிலேயருக்கு ஒரு நொடி, விருதோடு உட்கார்ந்து ஆலோசனை நடத்திய மனிதர் ஒருவர் கண்முன் வந்து போவார். பிறகு சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். ஆபத்தான பிழை இல்லை. ஆனால் ஒருவரைப் பெருமைப்படுத்த எழுதும் வரியில் இருக்க வேண்டிய பிழையும் இல்லை.

தமிழ் வேற்றுமை காட்டும் வழி

இதைச் சரியாக நினைவில் வைத்துக்கொள்ளத் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. நம் வேற்றுமை உருபுகளே வேலையைச் செய்துவிடும். தமிழில் விருதைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறோம்.

முதலாவது: 'அவருக்கு விருதை வழங்கினார்கள்.' இங்கே வழங்கப்படும் பொருள் விருது. அது இரண்டாம் வேற்றுமை 'ஐ' உருபை ஏற்கிறது. பெறுபவர் நான்காம் வேற்றுமையில், 'கு' உருபோடு நிற்கிறார். ஆங்கிலத்தில் 'கன்ஃபர்', 'பிஸ்டோ' இரண்டும் இந்த அமைப்பைச் சேர்ந்தவை. நம் 'கு' அங்கே 'ஆன்' ஆகிறது. 'கிவ்' என்றால் 'டு' ஆகிறது.

இரண்டாவது: 'அவரை விருதால் கௌரவித்தார்கள்.' பேச்சில் 'விருது கொடுத்துக் கௌரவித்தார்கள்' என்போம். இங்கே கௌரவிக்கப்படுபவர் அந்த மனிதர். 'ஐ' உருபு அவருக்குப் போகிறது. விருது கருவியாக, மூன்றாம் வேற்றுமையில், 'ஆல்' உருபோடு வருகிறது. இந்த 'ஆல்' தான் ஆங்கிலத்தில் 'வித்'. ஆகவே 'ஹி வாஸ் ஆனர்டு வித் த அவார்டு' என்பது முற்றிலும் சரி.

நீங்கள் எழுத நினைக்கும் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'அவருக்கு' என்று வந்தால் 'ஆன்'. 'விருதால்' என்று வந்தால் 'வித்'. 'விருதால் அவரை வழங்கினார்கள்' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. 'கன்ஃபர்டு வித்' அதைத்தான் சொல்கிறது.

பிழை எப்படிப் பரவியது என்பதும் இதிலிருந்து விளங்கும். 'ஆனர்டு வித்' சரி. 'பிரசன்டட் வித்' என்பதும் சரி. 'பிரசன்ட்' இரண்டு அமைப்பிலும் வரக்கூடிய வினை. இவ்விரண்டும் மேடைகளில் அடிக்கடி கேட்பவை. அவற்றின் 'வித்' பக்கத்தில் இருந்த 'கன்ஃபர்டு' மீதும் ஒட்டிக்கொண்டது. 'அவார்டடு வித்' என்பதும் அப்படி ஒட்டியதுதான். 'அவார்டு' என்னும் வினைக்கு முன்னிடைச்சொல்லே தேவையில்லை. 'ஹி வாஸ் அவார்டடு த பிரைஸ்' என்றால் போதும். அல்லது 'த பிரைஸ் வாஸ் அவார்டடு டு ஹிம்.'

'ஹி வாஸ் கன்ஃபர்டு த டைட்டில்' என்று முன்னிடைச்சொல் எதுவும் இல்லாமல் எழுதுவது இப்போது நாளிதழ்களில் மிகுந்துவிட்டது. கறாரான இலக்கணம் இதையும் ஏற்காது. விருதுதான் 'கன்ஃபர்டு' ஆகும், ஆள் அல்ல. ஆயினும் 'வித்' போட்ட வடிவத்தைவிட இது மேல். 'இந்திய ஆங்கிலத்துக்கு இது சகஜம், இதையும் ஒரு வழக்காக ஏற்கலாமே' என்று வாதிடுவோர் உண்டு. மொழி மாறும் என்பது சரிதான். ஆனால் இந்திய ஆங்கிலத்தின் தலைசிறந்த ஆவணமே இந்த வினையைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, படைத்துறை அல்லது கல்வித்துறைச் சிறப்பு அல்லாத எந்தப் பட்டமும் அரசால் 'கன்ஃபர்' செய்யப்படக் கூடாது என்கிறது. அங்கே 'கன்ஃபர்' செய்யப்படுவது பட்டம், ஆள் இல்லை.

பெயருக்கு முன்னால் வரக்கூடாத விருதுகள்

அந்த 18-ஆம் பிரிவிலிருந்துதான் இன்னொரு முக்கியமான வழக்குப் பிரச்சினை தொடங்குகிறது. இலக்கணப் பிழை செய்தால் யாரும் எதுவும் செய்துவிடப் போவதில்லை. இதில் பிழை செய்தால் விருதே போகலாம்.

1954-இல் பாரத ரத்னா முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர்கள் மூவர்: ராஜாஜி, ச. ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவருமே சென்னையோடு தொடர்புடையவர்கள். ராதாகிருஷ்ணனின் வீடு இருந்த மயிலாப்பூர்ச் சாலை இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. ராமன் படித்த மாநிலக் கல்லூரி கடற்கரையைப் பார்த்தபடி நிற்கிறது. இவர்களில் ராதாகிருஷ்ணனும் ராமனும் பிரிட்டிஷ் ஆட்சியில் 'சர்' பட்டம் பெற்றவர்கள். 'சர்' என்பது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டம். ஆளின் பெயரையே மாற்றுவது. சுதந்திர இந்தியா அந்த வகைப் பட்டம் வேண்டாம் என்றது. பாரத ரத்னா, பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ ஆகியவை விருதுகள், பட்டங்கள் அல்ல.

அப்படியென்றால் இவை 18-ஆம் பிரிவுக்கு எதிரானவை இல்லையா என்று வழக்கு எழுந்தது. பாலாஜி ராகவன் வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தேசிய விருதுகள் பட்டங்கள் ஆகா, எனவே செல்லும். ஆனால் அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டாகப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் விருதை இழக்க நேரும் என்பது தீர்ப்பின் சாரம். லெட்டர்பேடு, அழைப்பிதழ், சுவரொட்டி, புத்தகம் எதிலும் கூடாது என்று பத்ம விருது விதிகளும் சொல்கின்றன. தெலுங்கு நடிகர்கள் இருவரின் பெயர்களுக்கு முன்னால் திரைப்பட டைட்டில் கார்டில் 'பத்மஸ்ரீ' போடப்பட்டதற்காக, 2013-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் விருதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு விஷயம் போனது; பிறகு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

நம் ஊர் அழைப்பிதழ்களை நினைத்துப் பாருங்கள். 'பத்மஸ்ரீ' என்று தொடங்காத அழைப்பிதழ் அபூர்வம். பெரும்பாலும் விருது பெற்றவருக்கு இதில் பங்கே இருக்காது. விழா நடத்துபவர் மரியாதைக்காகப் போடுகிறார். போடாவிட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு. ஆனால் விருதை இழக்க நேர்ந்தால் இழப்பவர் விழா நடத்துபவர் அல்ல.

சரி, சொல்லிக்கொள்ளவே கூடாதா? கூடும். பாரத ரத்னா பெற்றவர் தேவை என்று கருதினால் பயோடேட்டாவிலும் விசிட்டிங் கார்டிலும் எந்தத் தொடரைப் பயன்படுத்தலாம் என்று மத்திய உள்துறையே வாசகம் தந்திருக்கிறது. 'அவார்டடு பாரத ரத்னா பை த பிரசிடென்ட்' என்பது ஒன்று. 'ரெசிபியன்ட் ஆஃப் பாரத ரத்னா அவார்டு' என்பது இன்னொன்று. இரண்டையும் கவனியுங்கள். முதலாவதில் 'அவார்டடு'க்குப் பின் 'வித்' இல்லை. இரண்டாவதில் 'வின்னர்' இல்லை, 'ரெசிபியன்ட்' இருக்கிறது. தமிழில் 'குடியரசுத் தலைவரால் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றவர்', 'பாரத ரத்னா விருது பெற்றவர்' என்று எழுதலாம். இரண்டும் பெயருக்குக் கீழே வரும் குறிப்பாக இருக்க வேண்டும்.

தனியார் அமைப்பு தரும் பட்டங்களை 18-ஆம் பிரிவு தொடுவதில்லை. அது அரசைக் கட்டுப்படுத்தும் பிரிவு. ஆகவே 'சங்கீத கலாநிதி செம்மங்குடி சீனிவாச ஐயர்' என்று எழுதுவதில் சட்டச் சிக்கல் இல்லை.

'ரெசிபியன்ட்' என்னும் சொல் நீதிமன்றம் சென்ற கதை

சங்கீத கலாநிதி என்றதும் அண்மைக்கால வழக்கு ஒன்று நினைவுக்கு வரும். விருது பெறுவதைச் சொல்லும் ஒரு தொடரின் மேல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்ட நிகழ்வு அது.

முதலில் பின்னணி. டி.டி.கே. சாலையில் உள்ள மியூசிக் அகாடமி ஆண்டுதோறும் ஒருவரைத் தன் இசை மாநாட்டுக்குத் தலைமை தாங்கத் தேர்ந்தெடுக்கிறது. அவருக்கு ஜனவரி 1 அன்று நடக்கும் சதஸில் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கப்படும். அறிவிப்பு வருவதற்கும் சதஸ் நடப்பதற்கும் இடையில் பல மாதங்கள் இருக்கும். அந்த இடைக்காலத்தில் அவரைச் 'சங்கீத கலாநிதி டெசிக்னேட்' என்பார்கள். இந்த ஒரு சொல்லில் அகாடமி காட்டும் துல்லியம் பாராட்டத்தக்கது. அறிவிக்கப்பட்டது வேறு, வழங்கப்பட்டது வேறு. 'கன்ஃபர்டு' என்பது பட்டம் கைக்கு வந்த பிறகே பொருந்தும். 1968-ஆம் ஆண்டுக்கான பட்டத்தை எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

இதோடு சேர்ந்து இன்னொரு விருதும் உண்டு. எம்.எஸ். பெயரில் 'தி இந்து' குழுமம் 2005-இல் நிறுவிய ரொக்கப் பரிசு அது. அந்தந்த ஆண்டின் சங்கீத கலாநிதிக்கே செல்லும். பட்டம் ஒன்று, பரிசு ஒன்று. பெயர்களோ ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பலரும் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தார்கள்.

2024-ஆம் ஆண்டுக்கு டி.எம். கிருஷ்ணாவை அகாடமி தேர்ந்தெடுத்தது. எம்.எஸ். பெயரிலான விருதை அவருக்கு வழங்கக் கூடாது என்று எம்.எஸ்ஸின் பேரன் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தன் பெயரில் அறக்கட்டளையோ நினைவுச் சின்னமோ கூடாது என்று எம்.எஸ். உயிலில் எழுதியிருந்தது வழக்கின் மையமானது. நவம்பரில் தனி நீதிபதி எம்.எஸ். பெயரைப் பயன்படுத்தி விருது தரக் கூடாது என்றார். ஆனால் கிருஷ்ணாவைக் கௌரவிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னார். டிசம்பர் 13 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. 15-ஆம் தேதி விருது கொடுக்கப்பட்டது. 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது: வழக்கு நிலுவையில் இருக்கும்வரை கிருஷ்ணாவை எம்.எஸ். சுப்புலட்சுமி விருதின் 'ரெசிபியன்ட்' என்று அங்கீகரிக்கக் கூடாது. அவரும் அப்படித் தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது.

வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதில் இசை ரசிகர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை. இக்கட்டுரைக்கு அது தேவையும் இல்லை. சொல்லாட்சி என்ற கோணத்தில் பார்த்தால் இது அரிய நிகழ்வு. கொடுத்தது கொடுத்ததுதான், அதை யாரும் மாற்ற முடியாது. நீதிமன்றம் கைவைத்தது, கொடுத்ததைச் சொல்லும் சொல்லில். விருதின் முழுப் பெயர் என்ன, கொடுத்தது யார், பெறுபவர் எதைப் பெற்றதாகச் சொல்லிக்கொள்கிறார் என்னும் மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் அன்று எல்லாப் பத்திரிகைகளுக்கும் வந்தது. 'சங்கீத கலாநிதி விருது பெற்ற' என்று எழுதலாம், 'எம்.எஸ். சுப்புலட்சுமி விருது பெற்ற' என்று எழுதக் கூடாது. அடுத்தடுத்த நாட்களில் துணை ஆசிரியர்கள் எத்தனை தலைப்புகளைத் திருத்தியிருப்பார்களோ!

யார் 'கன்ஃபர்' செய்யலாம்?

'கன்ஃபர்' என்பது மேலிருந்து அளிப்பதைக் குறிக்கும் வினை என்று பார்த்தோம். கல்விப் பட்டங்களைப் பொறுத்தவரை அந்த மேலிடம் எது என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பட்டம் 'கன்ஃபர்' செய்யும் உரிமை சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு என்கிறது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. 1956-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கும்.

பட்டினப்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அடையாற்றங்கரையில், பழைய பிராடி கேசில் மாளிகை இருக்கும் வளாகத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. 2023 நவம்பரில் நடந்த பட்டமளிப்பு விழாவில் பின்னணிப் பாடகி பி. சுசீலாவுக்கு அது மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. வேந்தர் என்ற முறையில் முதலமைச்சர் அதை வழங்கினார். 'அன் ஆனரரி டாக்டரேட் வாஸ் கன்ஃபர்டு ஆன் பி. சுசீலா' என்று எழுதினால் அதில் ஒவ்வொரு சொல்லும் அதன் இடத்தில் இருக்கிறது.

அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்தது வேறு. தனியார் அமைப்பு ஒன்று அண்ணா பல்கலைக்கழக அரங்கை வாடகைக்கு எடுத்து, பிரபலங்கள் பலருக்குக் 'கௌரவ டாக்டர்' பட்டம் கொடுத்தது. அண்ணா பல்கலைக்கழக மேடை, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கையால் சான்றிதழ் என்றதும் வாங்கியவர்கள் நம்பிவிட்டார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுத்தது. அமைப்பை நடத்தியவர் கைதானார். வாங்கியவர்களில் பலர் திரைத்துறையில் உண்மையாகவே உழைத்துப் பெயர் எடுத்தவர்கள். அவர்களுக்கு நேர்ந்த தலைக்குனிவுதான் வருத்தமானது. இப்படிப்பட்ட அழைப்பு வரும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'கன்ஃபர்டு பை' என்பதற்குப் பின்னால் என்ன பெயர் இருக்கிறது? விழா நடக்கும் இடத்தின் பெயரா, பட்டம் தரும் நிறுவனத்தின் பெயரா?

மதிப்புறு முனைவர் பட்டம் பெற்றவர் பெயருக்கு முன் 'டாக்டர்' போடலாமா என்றும் கேட்பார்கள். கல்விச் சிறப்பு என்பதால் 18-ஆம் பிரிவு தடுப்பதில்லை. ஆனால் படித்துப் பெற்ற பட்டத்தோடு குழப்பம் வராதிருக்கப் போடாமல் இருப்பதே கல்வி உலகின் மரபு. தமிழ்நாட்டு அரசியல் மேடை இந்த மரபை ஒருநாளும் மதித்ததில்லை.

வென்றவரா, பெற்றவரா, வாங்கியவரா?

'வின்னர்', 'ரெசிபியன்ட்' இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. போட்டி இருந்தால் 'வின்னர்'. விண்ணப்பமோ போட்டியோ இல்லாமல் ஒருவரின் வாழ்நாள் பணிக்காகத் தேடி வருவதைப் பெறுபவர் 'ரெசிபியன்ட்'. ஆஸ்கரில் பரிந்துரைப் பட்டியல் உண்டு, ஆகவே ஏ.ஆர். ரஹ்மான் 2009-இல் இரண்டு ஆஸ்கர்களை வென்றார் என்பது சரி. அங்கேகூட, மற்ற நால்வரும் தோற்றவர்கள் ஆகிவிடுகிறார்களே என்று 1989-இல் 'வின்னர்' என்ற சொல்லைக் கைவிட்டு, ஆஸ்கர் இன்னாருக்குச் செல்கிறது என்று அறிவிக்கத் தொடங்கினார்கள். பத்ம விருதை 'வென்றார்' என்று தமிழில் எழுதுவது 'வன்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. 'பெற்றார்' இருக்க அது எதற்கு?

'பேக்டு' என்னும் வினை இந்திய நாளிதழ்த் தலைப்புகளுக்குப் பிடித்தமானது. வேட்டையாடிய பறவையைப் பைக்குள் போட்டுக்கொள்வதிலிருந்து வந்தது அது. பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பைகளை அள்ளிய மாணவிக்குப் பொருந்தும். எண்பது வயது வித்வானுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கிடைத்ததைச் சொல்லும்போது வேட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். 'ஃபெலிசிடேட்' என்பதற்கு ஆங்கிலத்தில் வாழ்த்துதல் என்றே பொருள். பொன்னாடை போர்த்துவதை அதில் சேர்த்தது நாம்தான். அது இப்போது நம் சொல்லாகிவிட்டது, இருக்கட்டும்.

தமிழில் ஒரு சங்கடமான வினை உண்டு. 'விருது வாங்கினார்.' பேச்சில் இது மிக இயல்பு. பரிசு வாங்குவது, மார்க் வாங்குவது போலத்தான். ஆனால் 'வாங்குதல்' விலைக்கு வாங்குவதும் ஆகும். பதிவுக் கட்டணம், மண்டபக் கட்டணம், ஷீல்டுக்கு இவ்வளவு என்று பட்டியல் அனுப்பி விருது தரும் அமைப்புகள் பெருகிய பிறகு, எழுத்தில் 'வாங்கினார்' என்று போடக் கை தயங்குகிறது. உண்மையான விருதுகளில் பணம் எதிர்த் திசையில் போகும், அல்லது போகவே போகாது. சாகித்திய அகாதெமி விருதோடு ஒரு லட்சம் ரூபாயும் செப்புப் பட்டயமும் தருகிறார்கள். பத்ம விருதுகளில் பணமே இல்லை. குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட பத்திரமும் பதக்கமும் மட்டும்.

மறுத்தவர்களும் மறைந்தவர்களும்

2013-இல் எஸ். ஜானகிக்குப் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது. காலம் கடந்து வந்தது என்று சொல்லி அவர் ஏற்க மறுத்தார். இங்கே 'கன்ஃபர்டு' என்று எழுதவே முடியாது. 'வாஸ் நேம்டு ஃபார்' என்று எழுதி, 'டிக்ளைண்டு' என்று முடிக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பின் திருப்பி அனுப்பினால்தான் 'ரிட்டர்ன்டு'. இரண்டையும் மாற்றி எழுதும் செய்திகள் ஒவ்வொரு ஜனவரியிலும் வருகின்றன.

மறைந்தவருக்கு வழங்கினால் 'பாஸ்துமஸ்லி' சேர்க்க வேண்டும். காமராசருக்கு 1976-இலும் எம்.ஜி.ஆருக்கு 1988-இலும் பாரத ரத்னா அப்படித்தான் வழங்கப்பட்டது. 'அலை ஓசை' நாவலுக்கான 1956-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதும் கல்கி மறைந்த பிறகே வந்தது. இவ்விடங்களில் 'கன்ஃபர்டு ஆன் எம்.ஜி.ஆர்., பாஸ்துமஸ்லி' என்பது சரி, 'எம்.ஜி.ஆர். ரிசீவ்டு' என்பது பொருந்தாது, கை நீட்டிப் பெற அவர் இல்லை. 2024-இல் எம்.எஸ். சுவாமிநாதனுக்கான பாரத ரத்னாவை அவருடைய மகள் குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றுக்கொண்டார். மகள் 'ரெசிபியன்ட்' அல்லர். தந்தையின் சார்பில் 'ஆக்செப்டட்' செய்தவர். தமிழில் 'பெற்றார்', 'பெற்றுக்கொண்டார்' என்று ஒரு துணைவினையிலேயே இந்த வேறுபாட்டை ஓரளவு காட்டிவிட முடிகிறது.